முப்பத்தொரு வசவு

எனக்கு வாய் நீளம் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஈரமாக உள்ளே போகிற படுக்கை விரிப்பு உருளை மெஷினின் மறுபக்கம் சுடச்சுட வெளியே வரும். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். அந்தச் சூட்டிலும் இரைச்சலிலும் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் புண்ணியவான்கள். நான் அந்த ரகம் இல்லை. மெஷினைத் திட்டுவேன், தள்ளுவண்டியின் கோணல் சக்கரத்தைத் திட்டுவேன், எதிரே நிற்பவளைத் திட்டுவேன். எங்கள் வீட்டில் திட்டாமல் யாரும் யாரையும் வளர்த்ததில்லை. ஒருநாள் நான் பேசாமல் சோறு போட்டதற்கு, உடம்பு சரியில்லையா என்று என் மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் என் எதிர்முனையைப் பிடிக்க ஒருத்தி வந்தாள். வேறு தேசம், வேறு பாஷை. என்னைவிட ஒரு முழம் உயரம். நெட்டை என்று கூப்பிட்டேன், அவள் முகம் மலர்ந்துபோயிற்று. அவர்கள் பக்கம் உயரம் என்றால் பெருமையாம். பதிலுக்கு அவள் என்னை அவள் பாஷையில் ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள். விசாரித்துப் பார்த்தால் ‘கிழத்தாய்’ என்று அர்த்தம். எனக்கு நாற்பத்தெட்டு வயசுதான். ஒரு வாரம் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. அங்கே அது பெரிய மரியாதை என்று பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் கொஞ்சம் எரிந்தது. சூட்டுத் துணி விரலில் பட்டால் நாம் ‘ஐயோ’ என்போம். அவளோ உடம்பில் மறைவான இடம் ஒன்றின் பெயரைச் சொல்வாள். அவள் பாஷையில் அது சும்மா பேச்சு, குழந்தைகளே சொல்லுமாம். அர்த்தம் தெரிந்த அன்று எனக்குக் காது கூசியது. அப்போதும் என் சொந்த வாயைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கூடத்தில் பாதிப் பேர் நம் ஆட்கள் என்பதால் அவளும் உடைந்த தமிழில் பேசப் பழகிவிட்டாள்.

ஒரு நாள் காலையில் அவள் மடித்து வைத்த அறுபது விரிப்பையும் ஈரத் தரையில் கவிழ்த்துவிட்டாள். இரண்டு மணி நேர வேலை. நான் கத்தினேன்: "கட்டையில போறவளே, உன் கையில இடி விழ. நீயும் உன் குடும்பமும் வெளங்கின மாதிரிதான்."

கத்திவிட்டு அவளோடு சேர்ந்து குனிந்து பொறுக்கினேன். கண்காணிப்பாளர் வந்தபோது, வண்டி சரிந்துவிட்டது என்று பழியை வண்டி மேல் போட்டேன். மதியம் என் டப்பாவிலிருந்து அவளுக்கு எடுத்தும் வைத்தேன். அத்தோடு மறந்தும் போனேன்.

அவள் மறக்கவில்லை. அழுக்குத் துணி பிரிக்கும் பக்கம் வேலை செய்கிற என் நாத்தனாரிடம் போய் அர்த்தம் கேட்டிருக்கிறாள். என் நாத்தனார் கெட்டவள் இல்லை. பாதி கேட்டால் ஒன்றரையாகச் சொல்கிற ஆள், அவ்வளவுதான். ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்து, கையை ஆட்டி விளக்கியிருக்கிறாள். கட்டை, அதன் மேல் படுக்கவைப்பது, தீ. வானம், இடி, கை. குடும்பம், அது விளங்காமல் போவது. சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. இந்த வசவால் நம் வீடுகளில் இதுவரை யாரும் செத்ததில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து நெட்டையின் ஆறு வயசு மகளுக்கு இதயத்தில் ஓட்டை இருப்பதாக மேல்தளத்தில் கண்டுபிடித்தார்கள். அன்று தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளை நான்தான் இழுத்து வந்து, அதட்டி, இரண்டு வாய் சாப்பிட வைத்தேன். மறுநாளிலிருந்து அவள் மாறிவிட்டாள். மடிக்கும்போது முனையை முனையோடு சேர்க்கையில் இருவர் விரலும் தொட்டுக்கொள்ளும். இப்போது என் கை படாமல் துணியை நீட்டிவிட்டு விலகினாள். பிள்ளைக் கவலை என்று நினைத்தேன்.

அந்த வாரமே மேலாளர் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு புகார்ப் படிவம். சாவைச் சொல்லி மிரட்டியது, குடும்பத்தைச் சபித்தது என்று கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தது. மனுஷர் நல்லவர். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பொறுமையாகக் கேட்டார். ஒரு அர்த்தமும் இல்லை என்றேன். பிறகு ஏன் சொல்கிறீர்கள் என்றார். எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும்.

உண்ட வீட்டுக்கே ரெண்டகமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் டப்பாவில் சாப்பிட்ட கையா படிவம் நிரப்பியது? ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. மெஷினைக்கூடத் திட்டவில்லை. நானும் அவளும் ஊமைகளாக ஆயிரக்கணக்கில் மடித்தோம்.

பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, நாத்தனார் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றாள். தான் அர்த்தம் சொன்ன கதையை முதலில் ஒப்புக்கொண்டாள். நான் கரண்டியை எடுப்பதற்குள் மிச்சத்தையும் சொன்னாள்.

"அண்ணி, அவ உங்களை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லலை. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லுங்கன்னுதான் ஆபீஸ்ல கேட்டிருக்கா. அதுக்கு அவங்ககிட்ட ஃபாரம் இல்லை. இருந்த புகார் ஃபாரத்தைக் குடுத்து நிரப்பச் சொல்லிட்டாங்க."

நெட்டையின் ஊரில் வயசில் மூத்தவள் சொல்லும் வார்த்தை போய் ஒட்டிக்கொள்ளுமாம். சொன்ன வாயே திரும்பக் கூப்பிட்டால்தான் வருமாம். குழந்தைக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்குள் நான் கூப்பிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் என்னிடம் நேரே கேட்கப் பயம்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தியா என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வேறொன்று ஞாபகம் வந்தது. என் மகளுக்கு எட்டு வயசிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி, தண்ணீர் பிடிக்கிற சண்டையில், ‘உன் பொண்ணு வெளங்கவே மாட்டா’ என்றாள். நான் மூன்று தெரு துரத்திப் போய் சண்டை போட்டேன். அன்றைக்குப் பிறகு மகளுக்கு ஒரு சளி பிடித்தாலும் அவள் வாயைத்தான் நினைத்துக்கொள்வேன். அடுத்தவள் சொன்னால் அது சாபம், நான் சொன்னால் சும்மா பேச்சு. இத்தனை நாள் ஒரு தாய் தினமும் எட்டு மணி நேரம், தன் பிள்ளைக்குச் சாவு சொன்னவளுக்கு எதிரே நின்று விரிப்பு மடித்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

புதன்கிழமை சாப்பாட்டு அறையில் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"உன்னை நான் சொன்னது எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கறேன்" என்றேன்.

அவள் மேலங்கிப் பையிலிருந்து உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றை எடுத்தாள். அவள் எழுத்தில், என் தமிழ். தேதி போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக முப்பத்தொரு வரி. மொத்தமாகத் திரும்ப எடுத்தால் ஒன்றிரண்டு தங்கிவிடும், ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும் என்றாள்.

பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் வாசிப்பதுபோல் திருத்தமாக வாசித்தாள். எருமை என்றாள், எடுத்துக்கிட்டேன் என்றேன். மூதேவி என்றாள், எடுத்துக்கிட்டேன் என்றேன். சனியன், தண்டம், வெளங்காதவ. பக்கத்து மேஜைகளில் ஸ்பூன் சத்தம் நின்றது. யாரோ சிரித்தார்கள், நாத்தனார் திரும்பி முறைத்ததும் அடங்கினார்கள். வாசிக்க வாசிக்க அவள் பென்சிலால் ஒவ்வொன்றையும் அடித்தாள். இவ்வளவும் என் வாயிலிருந்தா வந்தது? ஒன்றரை வருடமாக இதை இடுப்பில் சுமந்துகொண்டா இவள் எனக்கு எதிரே நின்றாள்? நெட்டை என்ற சொல் மட்டும் அதில் இல்லை. கட்டையையும் இடியையும் கடந்து ‘நீயும் உன் குடும்பமும்’ என்ற இடத்துக்கு வந்ததும் அவள் குரல் நின்றுவிட்டது. அதை நான் இரண்டு தடவை எடுத்துக்கொண்டேன்.

கடைசி வரி மிச்சம் இருந்தது. தேதி, அவள் தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுத நாள். அதன் அர்த்தத்தை அவள் யாரிடமும் கேட்கவில்லையாம், கேட்கப் பயமாக இருந்ததாம். அதற்கு மறுநாள்தான் ஆபீசுக்குப் போயிருக்கிறாள்.

"என் கண்ணு" என்று வாசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கண்ணுக்கு என்ன ஆகும்?"

‘எந்திரி என் கண்ணு, ஒரு வாய் சாப்பிடு’ என்றுதான் அன்று அதட்டினேன். அதையும் மற்றதைச் சொல்கிற அதே குரலில்தான் சொல்லியிருப்பேன். என்னிடம் வேறு குரல் கிடையாது.

"இதை எடுத்துக்க மாட்டேன்" என்றேன். அவள் முகம் வெளுத்ததும் அவசரமாகச் சொன்னேன். "இது திட்டு இல்லை. என் பொண்ணை இப்படித்தான் கூப்பிடுவேன். ரொம்ப வேண்டியவங்களை மட்டும்தான் இப்படிச் சொல்லுவோம். இது உன்கிட்டயே இருக்கட்டும்."

பென்சில் நோட்டுக்கு மேலே அப்படியே நின்றது. அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள், நாத்தனார் வேகமாகத் தலையாட்டினாள். அப்புறம் நெட்டை அழுதாள். அழுதுகொண்டே நோட்டை மூடி, பையில் வைத்துக்கொண்டு, ஒன்று கேட்டாள்.

"நாளைக்கு வந்து பாப்பாவுக்கும் சொல்லுங்க. பெரியவங்க சொன்னா ஒட்டும்."

வியாழக்கிழமை காலையில் மேலாளரிடம் அரை மணி நேரம் அனுமதி கேட்டேன். எதற்கு என்றார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பதினோரு வருடத்தில் ஆபரேஷன் நடக்கிற மேல்தளத்துக்கு நான் ஏறியது அன்றுதான். சக்கரக் கட்டிலில் அந்தக் குட்டி, தாயைப் போலவே நீளமாக, விழித்துக்கொண்டு படுத்திருந்தாள். கதவருகே ஒரு நர்ஸ் காத்திருந்தார். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று படி ஏறும்போதெல்லாம் நினைத்துக்கொண்டேதான் போனேன். எங்கே முடிந்தது? நடைபாதையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி வந்தது.

"போயிட்டு வா, என் கண்ணு."

குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சிரித்தது. நெட்டை குனிந்து அதன் காதில் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். கட்டில் உள்ளே போயிற்று.

நான் இறங்கிப் போய் மடித்தேன். எதிர்முனையை அன்று நாத்தனார் பிடித்தாள். ஒரு முனையும் சேரவில்லை. இருந்தும் ஒரு வார்த்தை திட்டவில்லை, அன்றைக்கு என் வாயை எதற்கும் செலவழிக்க எனக்கு மனசில்லை. மூன்றரை மணிக்குக் கூடத்தின் கதவைத் திறந்துகொண்டு நெட்டை வந்தாள். மெஷின் இரைச்சலில் அவள் குரல் கேட்கவில்லை. வாயசைவைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

"வந்துட்டா" என்றாள்.