பதினோரு வீட்டுச் சாவி

இரண்டாம் மாடிப் பெண் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஒரு வருஷம் வீட்டிலேயே இருக்கப் போகிறாள் என்ற செய்தி லிஃப்டைவிட வேகமாகத் தரைத்தளத்துக்கு இறங்கியது. லிஃப்டாவது நடுவில் நிற்கும்.

இவ்வளவுக்கும் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மதிப்பெண்ணிலும் குறைவில்லை. காதல் கீதல் ஏதாவது இருக்குமோ என்று துருவிப் பார்த்தவர்களுக்கும் ஒன்றும் தேறவில்லை. “ஒரு வருஷம் யோசிக்கணும்” என்றாளாம். கல்லூரியும் இடத்தை ஒரு வருஷம் வைத்திருப்பதாக எழுதிவிட்டதாம். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்காரியான அவள் அம்மா இதை மூடித்தான் வைத்திருந்தாள். பல் பிடுங்கப் போன முதல் மாடிக்காரி, மரத்துப்போன வாயோடு அத்தனையும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்றாம் மாடி மேனேஜர் அவளைப் படியிலேயே மடக்கினார். வங்கியிலிருந்து அவர் ஓய்வுபெற்று ஆறு வருஷமாகிறது. பட்டம்தான் இன்னும் ஓய்வுபெறவில்லை.

“விட்டா விட்டதுதாம்மா. ஓடுற பஸ்ஸுலேர்ந்து எறங்கினவ திரும்ப ஏற முடியுமா?”

“தெரியல அங்கிள்” என்றாள். நிஜமாகவே தெரியவில்லை. தேர்வு முடிவு வந்த அன்று வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். யாருக்கோ தட்டுகிறார்கள் என்று அவளும் சேர்ந்து தட்டினாள். அன்றிலிருந்து எல்லாமே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கேட்பதுபோலத்தான் இருந்தது. வலி என்றால் சொல்லலாம். இதை என்னவென்று சொல்வது?

யோசிக்க எடுத்த வருஷத்தில் முதல் வாரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டாம் வாரம் முதல் சாவி வந்தது.

“நீ வீட்லதானே இருக்க கண்ணு? எனக்கு ஷிஃப்ட். பார்சல் வந்தா வாங்கி வெச்சிடு” என்று நான்காம் மாடி நர்ஸ் அக்கா நீட்டினாள். அடுத்து மீன் வளர்க்கும் தம்பதி. அதற்கடுத்து குழாய் ரிப்பேருக்கு ஆள் வருமென்று காத்திருக்க நேரமில்லாத டெய்லர். கடைசியில் மேனேஜரே கொண்டுவந்தார். மத்தியானம் கண்ணயரும்போது கூரியர்காரன் மணியடித்துத் தொலைக்கிறானாம். ஊர் சுற்றக் கிளம்பினால் செடிக்குத் தண்ணீர் வேறு ஊற்ற வேண்டுமாம். ஆறே மாதத்தில் வாசல் பக்க ஆணியில் பதினோரு சாவி தொங்கியது. அவள் பெயரே ‘சாவி’ ஆகிவிட்டது. உருப்படாது என்று உச்சுக்கொட்டிய வாய்களெல்லாம், “தங்கமான பொண்ணு” என்று மெல்ல ஆரம்பித்தன.

ஒரு வருஷம் முடிகிற சமயம் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ‘சேர்கிறேன்’, ‘சேரவில்லை’ இரண்டில் ஒன்றை அழுத்த வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. மூன்று வாரமாக அவள் அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். சேர்ந்தால் நல்லதா, சேராவிட்டால் நல்லதா? எதை நினைத்தாலும் உள்ளே ஒரு சத்தமும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நர்ஸ் அக்கா வீட்டில் வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தாள். பன்னிரண்டிலிருந்து ஐந்துக்குள் வருவானாம். அதற்குள் அம்மா மூன்று முறை ஃபோன் செய்துவிட்டாள்.

“அமுக்கிட்டியாடி?”

“இல்லம்மா.”

“அப்பா கேக்கறாரு, நான் என்ன சொல்றது?”

“இல்லன்னு சொல்லு.”

நான்கு மணிக்கு மேனேஜர் வந்தார். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தார் என்றால் விஷயம் பெரிது.

“இன்னிக்குத்தானாமே கடைசி நாள்?” சோஃபாவில் சாய்ந்தார். “நான் சொல்றேனேன்னு நினைக்காதே. இன்னும் ஒரு வருஷம் நிதானமா யோசியேன். என்ன கெட்டுப்போச்சு?”

“எடம் போயிடும் அங்கிள்.”

“போனா என்ன? ஒரு பஸ் போனா பின்னாடியே இன்னொண்ணு வராதா?” என்றவர் எழுந்தார். “நாளைக்கு நாங்க பத்து நாள் வெளிய போறோம். ரோஜாவுக்கு மட்டும் ரெண்டு வேளை ஊத்தணும், மறந்துடாதே.”

போன வருஷத்துப் பஸ் அவளுக்கு நினைவு வந்தது. கோபம் வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. வரவில்லை.

நான்கரைக்கு மெக்கானிக் வந்தான். மெஷினைக் கவிழ்த்து ஒரு கொண்டை ஊசியை வெளியே எடுத்தான். பிறகு ரசீதுப் புத்தகத்தைத் திறந்தான்.

“நீங்கதான் வீட்டுக்காரங்களா?”

“இல்ல.”

“சொந்தமா?”

“இல்ல.”

“அப்ப யாருங்க?”

“சாவி எங்கிட்ட இருக்கு.”

அவனுக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி. பெயர் என்ற இடத்தில் ‘சாவி வைத்திருப்பவர்’ என்று எழுதி, “இங்க ஒரு கையெழுத்து” என்று நீட்டினான். போட்டாள்.

அவன் போனபின், கிழித்துக் கொடுத்த அந்த ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு ஃபோனை எடுத்து ‘சேர்கிறேன்’ என்பதை அழுத்தினாள். பச்சையாக ஒரு குறி வந்தது. சந்தோஷம் வருமோ என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். அதுவும் வரவில்லை. மெஷினைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட்டு, கதவைப் பூட்டினாள்.

மறுநாள் காலை மேனேஜர் பெட்டியோடு கிளம்பும் நேரம் பார்த்து அவர் வீட்டு மணியை அடித்தாள். ஏதோ பார்சலை ஒப்படைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் கையை நீட்டினார். பதினோரு சாவியும் மொத்தமாக உள்ளங்கையில் விழுந்தன.

“என்னம்மா இது?”

“நான் காலேஜுக்குப் போறேன் அங்கிள். ஊர்லேர்ந்து வந்தா நீங்க வீட்லதானே இருக்கப் போறீங்க?”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் சிரிப்பு படிவரை கேட்டது. “ஆமா, இன்னும் எத்தனை வருஷம் யோசிக்கப் போறாரோ!”

மேனேஜர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சாவிகளை எண்ண ஆரம்பித்தார். அவள் காத்திருக்கவில்லை. கீழே இறங்கி வந்தாள். கையில் இரும்பு வாடை அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

அன்று மாலையே காலி ஆணியில் அம்மா குடையை மாட்டிவிட்டாள்.