மணிக்கட்டுப் பாம்பு

1

இந்தக் கதை ஒரு குளியலறை வாசலில் தொடங்கியது. கள்ளிக்குப்பத்தில் நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. ஆனாலும் உள்ளே போகும்முன் தரையைக் காலால் மூன்று முறை தட்டுவேன், பாம்பு இருந்தால் போய்விடட்டும் என்று. நாற்பத்தொரு வயதுவரை இது எனக்கு விநோதமாகப் பட்டதில்லை.*

* அம்மாவும் தட்டுவாள். ஆவடி குவார்ட்டர்ஸில் ஆரம்பித்த பழக்கம்.

2

முதல் வரைவில் பாம்பு என் தம்பியைக் கடித்தது. அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டேன். எனக்குத் தம்பி கிடையாது. எங்கள் குடும்பத்தில் யாரையும் பாம்பு கடித்ததில்லை. எனக்கு மூன்று வயதில், குவார்ட்டர்ஸ் குளியலறையில் அம்மா ஒன்றைப் பார்த்தாள். அப்பா கம்போடு வருவதற்குள் அது போய்விட்டது. அதன் பழுப்பு நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேனாம்.

(இதற்குப் பிறகு நான்கு நாள் எதுவும் எழுதவில்லை.)

3

பயத்தை உடம்பிலேயே வைத்துக்கொண்டால் பழகிவிடும் என்று நினைத்து, அம்பத்தூரில் பச்சை குத்தும் கோகுல்நாத்திடம் போனேன். அவர் காட்டிய படத்தில் பாம்பு மணிக்கட்டை ஒன்றரைச் சுற்று சுற்றியிருந்தது. செதில் செதிலாக, அழகாக.

"இன்னாக்கா, ஊசியே எடுக்கல, அதுக்குள்ள கை இந்த ஆட்டம் ஆடுது? பட்டாம்பூச்சி போட்டுக்கயேன்."

"பாம்புதான் வேணும்."

"அப்ப ஆடாம குந்து. ஆட்னா பாம்பு மண்புழு ஆயிடும், சொல்ட்டேன். யாருக்குக் காட்டப் போற?"

'அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தேன். பொய். நான் கையை மட்டும் நீட்டினேன்.

4

பத்து நாள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். ஒருமுறை மாத்திரைகளை மாற்றிப் போட்டு மயங்கி விழுந்ததிலிருந்து, அம்மா இதய மாத்திரைகளை என் வலது உள்ளங்கையிலிருந்து மட்டும்தான் எடுப்பாள். பாம்பும் அந்தக் கையில்தான்.

கதைக்கு யோசித்த முடிவுகள்:

அம்மா சிரித்துவிடுகிறாள். (அவள் சிரிக்கமாட்டாள்.)

அம்மா அலற, மாத்திரைகள் தரையெல்லாம் சிதறுகின்றன. (சினிமா.)

நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, வழக்கம்போல—

5

இன்று காலை நடந்ததை மட்டும் எழுதுகிறேன். சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டு, மாத்திரைகளோடு கையை நீட்டினேன். அம்மா இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள்.

"என்னடி ரேவதி இது?"

"பாம்பும்மா."

"அது தெரியுது."

பிறகு என் கையைப் பார்த்தபடி, தரையைக் காலால் மூன்று முறை தட்டினாள்.

காத்திருந்தாள்.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உள்ளங்கை வியர்வையில் மாத்திரைகள் கரையத் தொடங்கியிருந்தன.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அம்மாவின் கையை நீங்கள் எழுதுங்கள். அது வருவதாக இருந்தால், மெதுவாக வரட்டும்.