இறங்காத மேற்கட்டணம்

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில், அந்த அடுக்குமாடி வீட்டு வாசல் மணி அலறியது. விரலை எடுக்காமல் அழுத்திய அழுத்தில், வங்கிக் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கப்போன அரசரத்தினத்தின் பேனா அந்தரத்தில் நின்றது.

மகள் நிரோஜா கதவைத் திறந்தாள். சப்பாத்தில் ஒட்டிய பனியை உதறியபடி நின்றவர் விமலாதேவி. தை மாதம் நிரோஜாவின் கழுத்தில் தாலி கட்டவிருக்கும் கோபிகனின் தாய்.

"லிப்ட் வேலை செய்யேல்லை. உங்கட அம்மருட் மாடி ஏறி வாறதுக்கே தனிச் சீதனம் கேக்கலாம்!"

அவரே சிரித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

2008 பங்குனியில் பேசிய சீதனம் மூன்று லட்சம் நோர்வே குரோனர். ஆடியில் எண்ணெய் விலை உச்சிக்குப் போனது. ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனி எஞ்சினியரான கோபிகனின் விலையும் கூடவே ஏறி நான்கு லட்சமாயிற்று. அரசரத்தினத்தின் சேமிப்பு மூன்றோடு முடிந்தது. பதினெட்டு வருடம் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்து வாங்கிய வீடு, மிச்சம் ஒரு லட்சத்துக்காக இன்று ஈட்டுக்குப் போகிறது.

"அண்ணை, இன்னும் ஐம்பதாயிரம் பாருங்கோ. எண்ணெய் விழுந்துபோச்செல்லே? கம்பனியிலை ஆக்களை நிப்பாட்டப் போகினமாம். பிள்ளைக்குக் கையிலை ஒரு பிடி வேணும்."

"ஓம் அக்கா... பாப்பம்," என்றார் அரசரத்தினம், தலை நிமிராமல்.

பலசரக்கு இறக்குமதி செய்யும் நிறுவனத்தில் கப்பல் பில்களைச் சரிபார்ப்பவள் நிரோஜா. மேசையில் கிடந்த தன் அலுவலகக் கோப்பிலிருந்து ஒரு பில்லை உருவினாள்.

"மாமி, இதைப் பாருங்கோ. மேலை இருக்கிறது பேசின கப்பல் கூலி. அது மாறாது. கீழை இருக்கிறது எண்ணெய்க்கான மேற்கட்டணம். எண்ணெய் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆடியிலை நூற்றுக்கு இருபத்தெட்டு, இப்ப பதினொண்டு. போன மாசம் கப்பல்காரர் குறைக்க மறந்திட்டினம். கடிதம் போட்டன், கூட எடுத்ததைத் திருப்பித் தந்திட்டினம்."

"அதுக்கு?"

"நீங்கள் எண்ணெய் ஏறினாலும் ஏத்துறியள், இறங்கினாலும் ஏத்துறியள்."

"என்ர பிள்ளை என்ன, கப்பலிலை வாற பருப்போ?"

"விலை போட்டது நீங்கள்தானே மாமி."

"நிரோ, வாயை மூடு!" அரசரத்தினம் பதறினார்.

அவள் கடன் பத்திரத்தை எடுத்து நான்காக மடித்தாள். "பேனையை மூடுங்கோ அப்பா. இந்தக் கலியாணம் எனக்கு வேண்டாம்."

பேனா மூடி 'டக்'கென்று பொருந்தியது. மூடியவர் அரசரத்தினம்.

"இந்த வாய்க்கு ஒஸ்லோவிலை ஒருத்தனும் வரமாட்டான்!" விமலாதேவி விருட்டென்று எழுந்து வாசலுக்குப் போனார். ஒரு கால் சப்பாத்துக்குள் போயிற்று. மற்றக் கால் போகவில்லை. திரும்பியபோது அந்தக் குரலில் அதிகாரம் இல்லை.

"அந்தக் கப்பல் பில்லை ஒருக்காத் தா பிள்ளை. என்ர மகள் துஷாராவுக்குப் பேசின மாப்பிள்ளையும் எண்ணெய்க் கம்பனிதான்... அவையும் இப்பிடித்தான் ஏத்திக்கொண்டு நிக்கினம். உங்களிட்டை வாங்கித்தான் அவைக்குக் குடுக்க இருந்தனான்."