அட்டையில் காய்த்த ஏலம்

1978 தைப் பொங்கலுக்கு அன்னக்கொடிக்கு வந்த வாழ்த்து அட்டை அந்த ஆடி மாதம் காய்த்தது. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவள் அவள். அட்டையைத் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். செய்து அனுப்பியவள் அவளுடைய அக்கா ஒச்சம்மாள். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை அவளுக்கு. பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தில் பச்சைத் தண்டு வரைந்து, உருளைக்கிழங்கில் செதுக்கிய அச்சைச் சாயத்தில் தோய்த்துப் பூக்களைப் பதித்து, மேலே கோந்து தடவி ஜிகினாத் தூள் தூவியிருந்தாள். காலமெல்லாம் காயை அளைந்தவள் செடியைப் பார்த்ததே இல்லை. ஏலம் வேரடியில், மண்ணில் படரும் சரத்தில்தான் பூக்கும். ஒச்சம்மாளோ ரோஜாவுக்கு வைப்பதுபோல் தண்டின் உச்சியில் வைத்துவிட்டாள். காயும் உச்சியிலேயே தொங்கியது, எட்டு மில்லி பருமனில் முதல் தரக் காய், தோலெல்லாம் ஜிகினா.

கங்காணி ராக்கையா மழை பெய்தால் மேகத்தையே சோதனை போட நினைப்பவர். அந்தியில் வேலை முடிந்து வரும் பெண்கள் அவர் முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். லயத்தில் ஏலக்காய் இருந்தால் அது களவு என்பது தோட்டத்துச் சட்டம்.

"ஏலம் உச்சியில காய்ச்சு எவன் பாத்தான்? களவாண்ட காயைக் கோந்து வச்சு ஒட்டியிருக்கா," என்று அவர் அட்டையை அடுப்பில் போட்டார். அடுப்பு பாயசம் வைத்த வீடுபோல் மணந்தது. அதுவும் அவருக்குச் சந்தேகத்தைத்தான் கூட்டியது.

அன்னக்கொடிக்குப் புருஷன் இல்லை. லயத்து வீடு போனால் போக்கிடமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏலம் மணக்கிறதா என்று அவள் உலையை மோந்து பார்த்தார்கள். சேதி கேட்டு ஒச்சம்மாள் ஜீப்பில் ஏறி வந்தபோது, தங்கையே கேட்டுவிட்டாள்: "நெசத்தச் சொல்லுக்கா, வேலைக்குப் போற எடத்துக் காயை ஒட்டி அனுப்புனியா?"

"நீயுமாடி?" என்றாள் ஒச்சம்மாள்.

தோட்டத்து முதலாளி ஒரு வழி சொன்னார். எல்லோர் முன்னாலும் ஒச்சம்மாள் இன்னொரு அட்டை செய்ய வேண்டும். அது கங்காணியின் டிரங்குப் பெட்டியில் இருக்கும். மார்கழிக்குள் காய்க்காவிட்டால் அன்னக்கொடி வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒச்சம்மாள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அச்சுக் குத்தினாள். கிழங்குக்குள் ஏலக்காய் இருக்கிறதா என்று ராக்கையா அதைப் பிளந்து பார்த்தார். ஜிகினாவை நாக்கில் வைத்தும் பார்த்தார். பிறகு பெட்டியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். ஐப்பசியிலிருந்து அவர் டீயை மட்டும் வழக்கத்தைவிட ரசித்துக் குடித்துவந்தார்.

மார்கழியில் பெட்டியைத் திறந்தபோது அட்டை மொட்டையாக இருந்தது. "பாத்துக்கங்க," என்று கங்காணி மீசையை முறுக்கினார். அன்னக்கொடி தட்டுமுட்டுச் சாமானைக் கட்டத் திரும்பினாள்.

"கங்காணியண்ணே," என்றாள் ஒச்சம்மாள், "மீசையெல்லாம் மினுங்குதே, என்ன அது?"

அவர் துடைக்கத் துடைக்க மினுக்கம் கன்னத்துக்கும் ஏறியது. வாயைத் திறந்தால் நாக்கும் மினுங்கியது. முதலாளி வேட்டியை உதறச் சொன்னார். மடிப்பிலிருந்து உதிர்ந்தவை எட்டு மில்லிக் காய்கள், தோலெல்லாம் ஜிகினா.

ராக்கையாவின் வேலை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் எல்லாம், அந்தியில் அவர் அன்னக்கொடி முன்னால் வேட்டியை உதறிக் காட்டிய பிறகே பெண்கள் மடியை உதறினார்கள். ஒச்சம்மாள் தைக்குத் தை அட்டை அனுப்பினாள். தபால்காரர் காய்க்கும் தபால் என்று தனியாகக் கட்டிக் கொண்டுவருவார். அக்காவுக்கு ஏலப்பூ எங்கே பூக்கும் என்று அன்னக்கொடி கடைசிவரை திருத்திச் சொல்லவே இல்லை. பகலெல்லாம் குனிந்து காய் எடுத்தவள், வீட்டுச் சுவரில் காய்த்ததை நிமிர்ந்து நின்று பறித்தாள்.