ஜாடிகளில் ஒட்டிய காடு

...இல்லை, பசை கூடிவிட்டது, இவ்வளவு தடவினால் காய்ந்த பிறகு வெள்ளையாகப் படலம் கட்டும், போன வாரம் இரண்டு ஜாடிகள் அப்படித்தான் பாழாகின, சொல்லலாமா, சொன்னால் தூரிகையை வைத்துவிடுவார், வைத்தால் எழுந்துகொள்வார், எழுந்தால் கதவு... வேண்டாம், படலம் கட்டினால் கட்டட்டும் என்று தலெந்தா வாயை மூடிக்கொண்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஸாதுக் நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு மிளகாய் விழுது இருந்த ஒரு ஹரிஸ்ஸா ஜாடியின் வயிற்றில் காட்டுப் பட்டாணிக் கொடியை ஒட்டிக்கொண்டிருந்தார். எத்தனை முறை சோடா போட்டுக் கழுவினாலும் அந்த ஜாடிகளில் மிளகாய் வாசனை போவதில்லை, மெழுகுவத்தி ஏற்றினால் லேசாகக் காரம் வேறு கிளம்புகிறது. கொடியின் சுருள் நுனி கண்ணாடியில் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றது, அதை அவர் விரலால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, காற்றுக் குமிழி போகும்படி, மெல்ல மெல்லத் தடவினார், இதெல்லாம் மட்டும் எப்படி மறக்கவில்லை, காலையில் செருப்பை எந்தக் காலில் போடுவது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு? “மேடம், இன்னொண்ணு குடுங்க,” என்றார். மேடம். நாற்பது வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவளை, ஏதோ அலுவலகத்தில் முத்திரை குத்தித் தரும் பெண்ணைப் போல, மரியாதையாக, மேடம்.

ஐந்தாவது தாள் கட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் பழைய செய்தித்தாள்கள், ஒவ்வொன்றின் மடிப்புக்குள்ளும் ஒரு செடி, வேரோடும் பூவோடும், மூலையில் அவருடைய குட்டிக் கையெழுத்தில் ஒரு சீட்டு... பெயர், எந்தச் சரிவு, எந்த ஓடை, தேதி. முப்பத்தொரு வருடம். வனக் காவலர் வேலைக்கு யாரும் இதையெல்லாம் கேட்கவில்லை, வேலை கார்க் மரங்களைக் காப்பது, பட்டை திருடுகிறவர்களைப் பிடிப்பது, தீ பார்ப்பது. அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் தோளில் பையை மாட்டிக்கொண்டு அய்ன் துராஹம் மலையில் எந்தப் பள்ளத்தில் எந்தப் புல் முளைக்கிறது என்று பார்க்கப் போய்விடுவார். பத்தொன்பது கட்டுகள் சேர்ந்தன. இப்போது நாலு கட்டுகள் ஜாடிகளாகிவிட்டன, ஐந்தாவது பாதி. ஜன்னல் மேடையில், அலமாரி மேல், படிக்கட்டில், கோழிக்கூட்டுக் கூரையில்கூட ஐம்பத்திரண்டு ஜாடிகள். அவர் சீட்டை மட்டும் கிழித்துக் கீழே போட்டுவிடுவார், அழகாக இல்லையாம். குப்பை சேரக் கூடாதே என்று தலெந்தா அவற்றைக் கூட்டி எடுத்து அடுப்பில் போட்டுவிடுவாள்.

வேறு என்ன செய்ய? சிரிப்பார்களே, சிரிக்கட்டும், ஜனவரியில் இந்த வீட்டில் வந்து இருந்து பார்த்தவர்கள் சிரிக்கட்டும். முழங்கால் வரை பனி, “காட்டுக்குப் போகணும், மரம் வெட்டறானுங்க, சத்தம் கேக்கலையா உனக்கு?” என்று உள்சட்டையோடு வெளியே போய்விட்டார், ரொட்டி வண்டிக்காரன் பாபூஷ் ஊருக்குப் போகும் சாலையில் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தான், உதடு நீலமாக. மறுநாள் பூட்டு. பூட்டினால் கதவை முட்டினார், நெற்றி வீங்கும் வரை. மருத்துவமனையில் அந்தப் பயிற்சி சொல்லித்தரும் பெண், “கைக்கு ஏதாவது வேலை குடுங்கம்மா, கை ஓடினா கால் ஓடாது,” என்றாள். பக்கத்து வீட்டு வசீலா, மழலைப் பள்ளி ஆசிரியை, தன் பள்ளிப் பிள்ளைகள் காய்ந்த பூவும் இலையும் ஒட்டிச் செய்த ஒரு ஜாடி விளக்கைக் கொண்டுவந்து காட்டினாள். ஸாதுக் அதை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், திருப்பித் தரவில்லை. மறுநாள் ஜாடி கழுவி, பசை கரைத்து, தூரிகை வைத்தாள், அவர் மேசையை அறைந்தார், “செடி எங்க? செடி எங்க?” அவள் ஓடிப்போய்க் கட்டுகள் இருந்த அலமாரியைத் திறந்தாள். திறந்த அன்றிலிருந்து அமைதி. தன் செடிதான் வேண்டும் அவருக்கு, வேறு எதையும் தொடமாட்டார் என்று வசீலாவிடம் சொன்னாள், பயிற்சிப் பெண்ணிடம் சொன்னாள், இரண்டு பேரும் கண் கலங்கினார்கள்.

தொலைபேசி அடித்தது. ஒல்ஃபா. தலைநகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து, செடிகளைப் படிக்கிற பெண், அவர் நல்ல நினைவோடு இருந்தபோதே இரண்டு முறை வந்து கட்டுகளைப் பார்த்துவிட்டுப் போனவள், தலெந்தாவைக் காலா, சித்தி என்று கூப்பிடுபவள். நாளைக் காலையில் வண்டியோடு வருகிறாள், பத்தொன்பது கட்டுகளையும் எடுத்துப் போக. “காலா, எப்படி இருக்கீங்க? ஸி ஸாதுக் எப்படி இருக்கார்? எல்லாம் காஞ்ச இடத்துலதான இருக்கு? பூச்சி கீச்சி வரலியே?” வரவில்லை, பூச்சி வரவில்லை என்றாள் தலெந்தா, அது பொய்யில்லையே. “காலா, முக்கியமா அந்தக் குளத்துப் பெரணி. ரோடு போடறப்ப குளத்தையே மூடிட்டாங்க, இப்ப அது எங்கயும் இல்ல. இந்த நாட்டுல மிச்சம் இருக்கறது ஸி ஸாதுக் எடுத்து வச்ச நாலு தாள்தான். அது இருக்கில்ல?” இருக்கிறது என்று சொன்னாள். சொல்லிவிட்டு, வா மகளே, மதியம் இங்கேயே சாப்பிடலாம், கூஸ்கூஸ் செய்கிறேன் என்றும் சொன்னாள். ஏன் சொன்னாள்? கூஸ்கூஸைத் தட்டில் போட்டுவிட்டு ஜன்னலைக் காட்டப்போகிறாளா, பார் மகளே, உன் பெரணிகள் மூன்று அந்த ஆலிவ் ஜாடியில், சுற்றிக் கம்பி கட்டி, ஆணியில் தொங்குகின்றன என்று?

மூன்று. நாலாவது இந்த ஐந்தாவது கட்டுக்குள்தான் இருக்கிறது, எத்தனையாவது தாள் என்றுகூட அவளுக்குத் தெரியும். எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டியதுதான், இதோ, இப்போதே, ஒரு தாளையாவது. எடுத்தாள். செய்தித்தாளைப் பிரித்தாள். ஆரைக்கீரை போல நாலு நாலாகக் குட்டி இலைகள், மயிரிழைத் தண்டு. சீட்டில் தேதி. பார்க்காமலே அவளால் அந்தத் தேதியைச் சொல்ல முடியும், 1989 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. அவளுக்கு எட்டாவது மாதம். அன்று மழை. விடியற்காலையிலேயே இடுப்பில் ஒரு பிடிப்பு இருந்தது, “இன்னிக்குப் போகாம இருக்கலாமே ஸி ஸாதுக்?” என்று கேட்டாள், அப்போதெல்லாம் மரியாதைக்கு ஒரு ஸி போடாமல் பெயரைச் சொன்னதில்லை, “குளத்துல தண்ணி வத்தறதுக்குள்ள பாக்கணும், மத்தியானமே வந்துடுவேன்” என்றார். மரம் ஏற்றும் லாரியில், ஈரத் தார்ப்பாயின் கீழே, அண்டை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள். பெண் குழந்தை. பதினேழு மணி நேரம் இருந்தது. ஒரு பெயர்கூட... அவளாக மனதுக்குள் வைத்த பெயர் ஒன்று உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவர் இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்திருக்கிறார், செய்தி காதில் விழுந்திருக்கிறது, நனைந்த பையைத் திறந்து, செடிகள் வாடிவிடும் என்று ஒவ்வொன்றாகத் தாளுக்குள் விரித்து வைத்து, மேலே பலகையும் கல்லும் ஏற்றிவிட்டு, அப்புறம் மருத்துவமனைக்கு வந்தார். அவராகவே சொன்னார், பல வருடம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சாதாரணமாக. அதற்கப்புறம் அவளுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. கட்டுகள் மட்டும் உண்டாகிக்கொண்டே இருந்தன.

“அது அழகா இருக்கே, மேடம்,” என்று அவர் கையை நீட்டினார். கொடுத்தாள். கொடுக்காமல் இருந்திருக்கலாம்தானே, மறைத்திருக்கலாம், வேறு தாளைக் காட்டியிருந்தால் முந்தியதை அந்த நொடியே மறந்திருப்பாரே... கொடுத்துவிட்டாள். அவர் சீட்டைக் கிழித்துப் போட்டார், தண்டைக் கத்தி முனையால் தாளிலிருந்து நெம்பி எடுத்தார், ஈரப் பசையில் வைத்தார். பசை பட்டதும் பழுப்பு இலைகள் ஒரு கணம் பச்சையாயின, உயிர் வந்ததுபோல. “பாருங்க, ஒரு மடிப்பு இல்ல, ஒரு இலை ஒட்டிக்கல, கெட்டிக்காரன் எவனோ அழுத்தி வச்சிருக்கான்,” என்றார். “ஒரு வனக் காவலர்,” என்றாள். “கல்யாணம் ஆனவனா?” “ஆச்சு.” அவர் தூரிகையை நிறுத்தி யோசித்தார், தலையை ஆட்டினார், “பாவம் அந்தப் பொண்ணு. இவ்வளவு நேரம் செடிகிட்டயே இருந்திருக்கான்.” சிரிப்பு வந்தது அவளுக்கு. முப்பத்தைந்து வருடம் காத்திருந்த வார்த்தை, அதைச் சொல்ல வேண்டியவரின் வாயிலிருந்தே வருகிறது, ஆனால் சொல்கிறவர் அவர் இல்லை, யாரிடம் போய் இதை வாங்கிக்கொள்வது, யாரை மன்னிப்பது?

அந்த நேரத்தில் வசீலா கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள், கையில் ஒரு பருத்த டெலிபோன் டைரக்டரி, ரப்பர் வளையம் போட்டு. “ஸாதுக் சாச்சா! உங்களுக்கு என் வாண்டுங்க அனுப்பினது. ஸ்கூல் வேலி ஓரமா பொறுக்கி மூணு வாரமா அழுத்தி வச்சிருக்காங்க.” கசகசாப் பூக்கள், மஞ்சள் சாமந்தி, பெருஞ்சீரக இலை, வேலியோரத்துக் களை, பாதி கசங்கியவை. தலெந்தா பதறிப்போய் எழுந்தாள், “வேணாம் வசீலா, கத்துவார், உனக்குத் தெரியாதா, அவரோடதுதான் வேணும் அவருக்கு.” “கத்தினா எடுத்துக்கறேன் காலா, என்ன இப்போ!” என்று வசீலா பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டாள். தலெந்தா காத்திருந்தாள். ஸாதுக் ஒரு கசகசாப் பூவை விரல் நுனியில் எடுத்தார், வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். “அடடா, சிவப்பு!” என்றார். புது ஜாடியை இழுத்தார். பசையைத் தடவினார். நாக்கு நுனி பல்லுக்கிடையில் போனது. “பாத்தீங்களா, நீங்கதான் சும்மா பயந்துக்கறீங்க,” என்று வசீலா சிரித்தாள், “சாச்சாவுக்கு எதுவா இருந்தா என்ன? அடுப்புல சூப் வச்சிட்டு வந்தேன், வரேன்,” என்று போய்விட்டாள்.

எதுவாக இருந்தால் என்ன. ஜனவரியில் அந்த முதல் நாள் அவர் மேசையை அறைந்து செடி எங்கே என்று கத்தியபோது... நினைத்துப் பார்த்தாள், ஒழுங்காக, ஒவ்வொன்றாக. சமையலறையில் தைம் கொத்துக் காய்ந்து தொங்கியதே, அதைக் கொடுத்துப் பார்த்தாளா? வாசலில் லாரல் மரம் இருக்கிறது, பனியிலும் இலை உதிர்க்காத மரம், ஒரு கொப்பு ஒடித்தாளா? இல்லை. நேரே அலமாரிக்குப் போனாள். பயத்தில் போனதுதான், வேறென்ன, நெற்றி வீங்கிய மனிதரை வைத்துக்கொண்டு யோசிக்கவா முடியும்... சரி, அன்று பயம். மறுநாள்? அதற்கு மறுநாள்? ஐம்பத்திரண்டு ஜாடிகள் வரைக்கும்? நாளைக் காலை ஒல்ஃபாவிடம் அவருக்கு நோய் என்று சொல்லலாம், சொன்னால் நம்புவாள், அழக்கூடச் செய்வாள். மாலைத் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. ஸாதுக் தலை தூக்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை, அவர் முன்னால் டைரக்டரி நிறையப் பூக்கள் மீதி இருந்தன, அடுத்ததாக ஒரு சாமந்தியை எடுத்து இதழ்களை ஊதி விரித்துக்கொண்டிருந்தார், ராத்திரிவரை அது போதும் அவருக்கு. தலெந்தா தன் மடியைப் பார்த்தாள். ஐந்தாவதே இன்னும் தீரவில்லை, ஆறாவது கட்டு எப்போது வந்து அங்கே உட்கார்ந்தது என்று தெரியவில்லை, கயிற்றின் முடிச்சை விரல்கள் பாதிக்கு மேல் அவிழ்த்திருந்தன.