லிஃப்டில் ஏறாதவள்

அந்த வீட்டில் காலையில் நடக்கும் முதல் வேலை பெல்ட் மாட்டுவதுதான். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் கொடுத்த பெல்ட் அது. மார்புக்குக் கீழே ஆரம்பித்து இடுப்பு முழுவதையும் இறுக்கிப் பிடிக்கும். மனைவி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நிற்பாள். நிமிர்ந்தால் வயிற்றுத் தையல் இழுக்கும். கணவன் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு கொக்கியாக மாட்டுவான்.

"மூச்சை இழும்மா. இன்னும் ஒண்ணுதான். லிஃப்ட் கதவுகூட இவ்வளவு அடம்பிடிக்காது."

அவள் சிரிக்கவில்லை. அலமாரிக் கண்ணாடியை மூடிப் போட்டிருந்த துண்டு விலகாமல் இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் கெட்டிக்காரன், வாயில் அதைவிடக் கெட்டிக்காரன். எந்த இடத்துக்குப் போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் கிளம்புவான். அந்தத் திறமையில் அவன் செய்த பெரிய சாதனை, கட்டிய மனைவிக்கு வைத்த பட்டப்பெயர்.

கல்யாணமான புதிதில், தான் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரிய கட்டடத்துக்கு அவளை அழைத்துப் போனான். கூட வேலை செய்கிறவர்களுக்குப் புது மனைவியை அறிமுகம் செய்ய வேண்டாமா? அவள் அப்போதே நல்ல பருமன். லிஃப்டுக்குள் ஒரு காலை வைத்தாள், அடுத்த காலையும் வைத்தாள். பாரம் தாங்காது என்று லிஃப்ட் மணி அடித்துக் கத்தியது. "என் பொண்டாட்டி வந்ததும் லிஃப்டே சலாம் போடுது பாருங்கடா" என்றான் அவன். கட்டடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் பெயர் 'ஓவர்லோடு'.

பெயர் வீட்டுக்கு வந்தது. அவனுடைய அக்கா அதைச் சொந்தக்காரர்கள் மத்தியில் பரப்பினாள். பிறகு தெருமுனைக் கடைக்காரர்வரைக்கும் போனது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னார்கள். அவளே சிரிக்கிறாளே, நமக்கென்ன?

வருஷங்கள் ஓடின. முழங்கால் வலியும் சர்க்கரையும் வந்தபோது அவள் பயந்து போனாள். விடியற்காலையில் நடந்தாள், அளவோடு சாப்பிட்டாள். மெல்ல மெல்லப் பாதி ஆளாக இளைத்தாள். கொழுப்புதான் போனது, தோல் போகவில்லை. வயிற்றிலும் தொடையிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. வெயில் காலத்தில் மடிப்புக்குள் புண் வந்து ரத்தம் கசியும். தொங்கும் தோலை வெட்டி எடுத்துத் தைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்கு முன்னால் எடை கொஞ்ச காலம் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும், முட்டையும் பருப்புமாக உடம்பைத் தேற்ற வேண்டும் என்றார். அவள் ஒன்றையும் தவறவிடவில்லை.

"தோலைக் குறைக்க ஆபரேஷனா? இந்த வயசுல அழகு கேக்குதோ?" என்றாள் அவன் அக்கா. அவள் புண்ணைத் திறந்து காட்டவா முடியும்?

இளைத்த பிறகும் அவளிடம் சில பழக்கங்கள் போகவில்லை. அகலமான வாசலில்கூடப் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவாள். நாற்காலியில் உட்காருமுன் கையால் அழுத்திப் பார்ப்பாள். கட்டிலில் விழுந்துவிடுகிற மாதிரி ஓரத்தில் படுத்துக்கொள்வாள்.

"நடுவுல யாருக்கும்மா இவ்வளவு இடம்?" என்று ஒருநாள் கேட்டான்.

"அவளுக்கு."

"எவளுக்கு?"

"பழைய ஆளுக்கு. போகவே மாட்டேங்கிறா. கண்ணாடியில அவதான் நிக்கிறா."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் வேலை இடத்தில் அதையும் ஒரு ஜோக்காகச் சொல்லிவிட்டான். வீட்டில் கண்ணாடிமேல் துண்டு விழுந்தது அதற்குப் பிறகுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "பாரம் தூக்கக்கூடாது, படி ஏறக்கூடாது. தையல் பிரிஞ்சா கஷ்டம்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். கட்டு மாற்ற அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்தது. கட்டு மாற்றும் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. அவன் அவளை வாசலில் இறக்கிவிட்டு, "லிஃப்ட்ல போயிடு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை நிறுத்த இடம் தேடிப் போவான். திரும்பி வரும் வழியில் பேச்சுத்துணைக்கு யாராவது கிடைப்பார்கள். ஒருவழியாக அவன் மேலே போய்ச் சேரும்போது அவள் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். கட்டு மாற்றி முடிந்ததும் வண்டியை வாசலுக்குக் கொண்டுவர அவன் முன்னால் இறங்கிப் போய்விடுவான்.

"தையல் ஓரம் லேசா விட்டிருக்கு" என்று நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"படி கிடி ஏறினீங்களாம்மா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கணவன் முந்திக்கொண்டான். "சான்ஸே இல்ல டாக்டர். வீடு தரைத்தளம். இங்க லிஃப்ட் இருக்கு. நானே லிஃப்ட் மெக்கானிக்."

டாக்டர் யோசனையோடு புதுக் கட்டுப் போடச் சொன்னார்.

அடுத்த முறை போனபோது வாசலுக்கு எதிரிலேயே வண்டி நிறுத்த இடம் கிடைத்துவிட்டது. அவன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உள்ளே வந்தான். லிஃப்ட் கதவு திறந்தபடி காலியாக நின்றது. பக்கத்தில் காவலாளி உட்கார்ந்திருந்தார்.

"என் வீட்டுக்காரம்மா மேல போயிட்டாங்களா?"

"படியில போறாங்க சார். எப்பவும் படியிலதானே போவாங்க. லிஃப்ட்ல வாங்கம்மான்னு கூப்பிட்டேன். 'வேணாம்ப்பா, என்கூட ஒரு ஆள் இருக்கா'ன்னாங்க." காவலாளி குரலைத் தாழ்த்தினார். "கூட யாரையும் நான் பாத்ததில்ல சார்."

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். இரண்டாவது மாடியைத் தாண்டியதும் படித் திருப்பத்தில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்தியிருந்தாள். பெல்ட்டைத் தாண்டி, புடவையையும் தாண்டி ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

"ஏம்மா... ஏன் லிஃப்ட்ல வரல?"

"மணி அடிக்கும்."

"பைத்தியமா உனக்கு? இப்ப நீ என்ன கனம் இருக்கப்போற?"

"எனக்கு அடிக்காது." அவள் அவனுக்குப் பின்னால் வெறும் படிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் ஏறினா அவளும் பின்னாடியே ஏறிடுவா. அவளுக்கு அடிக்கும். எல்லாரும் திரும்பிப் பாத்து சிரிப்பாங்க."

அவனையும் அறியாமல் திரும்பிப் பார்த்தான். படியில் யாரும் இல்லை. லிஃப்ட் பக்கம் கூட்டிப்போக முயன்றபோது அவள் கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை. கடைசியில் இரண்டு ஊழியர்கள் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு மீதிப் படிகளை ஏறினார்கள். தையல் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. மறுபடியும் ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார்கள்.

"படியே ஏறலன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று டாக்டர் போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த அவனுக்கு அந்தப் பழைய மணிச் சத்தமே காதில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அவனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பெரிய ஜோக் என்று நினைத்ததால் முதலில் சொல்லவில்லை. பிறகு சொல்ல வாய் வரவில்லை. அப்படியே மறந்தும் போனான். இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் அவள் கண்விழித்துத் தண்ணீர் குடித்த பிறகு சொன்னான்.

"அன்னிக்கு அந்த மணி உன்னால அடிக்கல."

அவள் அவனைப் பார்த்தாள்.

"அந்த லிஃப்டைத்தான் அப்ப சர்வீஸ் பண்ணிட்டிருந்தேன். பார அளவை ரொம்பக் குறைச்சு வச்சிருந்தேன். ஒரு சின்னப் பிள்ளை ஏறியிருந்தாலும் அடிச்சிருக்கும். தெரிஞ்சுதான் உன்னை ஏறச் சொன்னேன். பசங்க சிரிக்கட்டும்னு..."



"இத்தனை வருஷமா சொல்லலையே."

"நீயும் சிரிச்சியேம்மா. அதனால நான்..."

"வேற என்ன பண்ணியிருக்க முடியும்? புதுசா கல்யாணமானவ. சுத்தி உங்க ஆளுங்க நிக்கிறாங்க. சிரிக்கலேன்னா சிடுமூஞ்சின்னு இன்னொரு பேரு வச்சிருப்பீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்த அளவை அப்புறம் சரிபண்ணி வச்சீங்களா?"

"அன்னிக்கு சாயங்காலமே பண்ணிட்டேன்."

"லிஃப்டைச் சரிபண்ணிட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் அழுதான். அவள் சமாதானப்படுத்தவில்லை. அதற்கு அவளிடம் தெம்பும் இல்லை, அவசியமும் இல்லை.

இந்தத் தடவை புண் ஒழுங்காக ஆறியது. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அக்காவும் வந்திருந்தாள். மூன்று பேரும் லிஃப்ட் முன்னால் நின்றார்கள். படியில் இறங்கக்கூடாது, லிஃப்டை விட்டால் வேறு வழியில்லை. அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். கதவு திறந்தது. உள்ளே ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள்.

அக்கா முதலில் ஏறிக்கொண்டு கலகலப்பாகச் சொன்னாள். "எல்லாரும் ஒதுங்கிக்கோங்கப்பா, எங்க வீட்டு ஓவர்லோடு வருது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் பின்வாங்கினாள். அவன் மூடப்போன கதவைக் கையால் தடுத்து நிறுத்தினான்.

"அக்கா, அந்தப் பேரை இனிமே சொல்லாத."

"அட, நீ வச்ச பேருதானேடா?"

"ஆமா, நான்தான் வச்சேன். வச்ச பாவிதான் சொல்றேன், சொல்லாத."

சிரித்த முகங்கள் தரையைப் பார்த்தன. அவன் மனைவியை அவசரப்படுத்தவில்லை. கதவை ஒரு கையால் பிடித்தபடியே நின்றான். அவள் ஒரு காலை வைத்தாள். தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அடுத்த காலையும் வைத்தாள். மணி அடிக்கவில்லை. பின்பக்கச் சுவரோடு ஒண்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றாள். அக்கா அந்த இடத்துக்கு நகரப்போனபோது மெதுவாகச் சொன்னாள்.

"அங்க நிக்காதீங்க அண்ணி. அவ நிக்கட்டும்."

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தம்பியின் காதருகே வந்து கேட்டாள். "யாருடா? யாரைச் சொல்றா?"

"நாம வளத்தவளைத்தான்" என்றான் அவன். குரலைத் தாழ்த்தவில்லை, எல்லாருக்கும் கேட்கட்டும் என்றே சொன்னான். "ஒருத்தரோட உடம்பைப் பாத்து நாம சிரிச்சிட்டு அப்பவே மறந்துடறோம். அந்தச் சிரிப்பு அவங்களுக்குள்ள போய் உக்காந்துக்குதுக்கா. உடம்பு இளைச்சாலும் அது இளைக்கல. டாக்டர் தோலைத்தான் வெட்டி எடுத்தார், இதை அவரால எடுக்க முடியல. விளையாட்டுக்குக்கூட இனி யாரையும் அப்படிக் கூப்பிடாதீங்க."

அவன் அந்தக் காலி இடத்தைத் தாண்டி, மனைவியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டான். கதவு மூடியது. லிஃப்ட் கீழே இறங்கியது.