அடுப்பேறாத மூன்று அளவை

மஸ்தானின் முட்டைக் கடைக்கு நாங்கள் தர வேண்டியது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு ரூபாய். முட்டை ஒன்று ஆறு ரூபாய். வகுத்துப் பார்த்தால் முந்நூற்றுத் தொண்ணூற்றொரு முட்டை.

இப்படி ஒரு கடன் இருப்பதே எனக்கு அன்று காலைதான் தெரியும். நானும் என் பெண்டாட்டி அப்பாயம்மாவும் அங்கன்வாடிக்குக் கால்வாய்க் கரையோடு போய்க்கொண்டிருந்தோம். கடை வாசலில் முட்டை அட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த மஸ்தான், சங்கராந்திக்கு முன்னால் கணக்கை முடித்துவிட்டால் நன்றாக இருக்கும் அக்கா என்று அவளிடம் சொன்னான். எவ்வளவு என்று நான் கேட்டேன். தொகையைச் சொன்னான். அப்படியே நின்றுவிட்டேன்.

"ஆடியில நாத்து நட்ட காசு ஆவணிக்கே தீந்துபோச்சு. என்னத்தைக் கொடுக்கச் சொல்ற? நட மாமா, நர்சம்மா காத்துக்கிட்டிருக்கும்" என்றாள் அவள்.

நடந்தேன். அன்று அவள் நாற்பது பெண்களுக்குச் சமையல் சொல்லித்தர வேண்டியிருந்தது. அதுவும் என்னால்தான்.

நான் லோவராஜு. அனபர்த்தி ரோட்டு அரிசி மில்லில் முப்பது வருஷமாக மூட்டை தூக்குகிறேன். அதற்கு எட்டு மாதம் முன்னால் கொக்கி பட்டு இடது கால் விரலில் ஒரு கீறல் விழுந்தது. ஆறவில்லை. துணை சுகாதார நிலையத்துக் கருணா நர்சம்மா விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து மெஷினை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நாற்பத்து நாலு வயதில் ராத்திரிப் பள்ளியில் எழுத்தும் எண்ணும் கற்றவன் நான். நானூற்றுப் பன்னிரண்டு என்று நானே வாசித்தேன். லாரியில் ஏற்றிய மூட்டைக் கணக்கு மாதிரிதான் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது.

விரலை எடுக்க வேண்டி வரும் என்றாள். பிறகு பாதம் என்றாள். மாத்திரை எழுதிவிட்டு, மாத்திரை மட்டும் போதாது என்று ஒன்று சொன்னாள்:

"தட்டுல சோறு இருக்கிற எடத்துல காய் இருக்கணும். காய் இருக்கிற எடத்துல சோறு இருக்கணும். புரியுதா?"

புரியாமல் என்ன. எனக்கு மாதக் கூலியோடு மில்லில் ஒரு மூட்டை அரிசி உண்டு, இருபத்தாறு கிலோ. தோளில் அரிசி, கூலியில் அரிசி, வயிற்றில் அரிசி. அதை விடு என்றால் எப்படி விடுவது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.  அப்பாயம்மா கொல்லைக்குப் போய் முருங்கைக் கீரை ஒடித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாளிலிருந்து வீட்டுச் சமையலே மாறிவிட்டது. காலையில் முருங்கைக் கீரையும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு இரண்டு முட்டை. இட்லி இல்லை. மத்தியானத்துக்குச் சுரைக்காயில் காய்ந்த இறால் போட்டுச் சுண்ட வதக்கியது, ஒரு டிபன் கேரியர் நிறைய. ராத்திரி மீன் குழம்பு, கோவைக்காய் வறுவல், கடைசியில் கெட்டி மோர். ஒரு நாள் காலிஃப்ளவரைத் தேங்காய்த் துருவியில் துருவி, துணியில் கட்டி ஆவி காட்டி, கடுகு, வேர்க்கடலை, மஞ்சள், கருவேப்பிலை தாளித்து எலுமிச்சை பிழிந்து வைத்தாள். இரண்டு வாய் வரைக்கும் எலுமிச்சைச் சாதம் என்றே நம்பினேன். எனக்கென்று தனிச் சமையல் கிடையாது. ஒரே சட்டிதான். மகள் ஸ்ரவந்தி அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுக் காலேஜுக்குப் போவாள். நான் சோறில்லாமல் சாப்பிடுவேன். முதல் வாரம் கை மட்டும் தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

மில்லில் மத்தியானம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கேரியரைத் திறப்போம். என் கேரியரை எட்டிப் பார்த்து எர்ரய்யா கேட்டான்: "மச்சான், இது ஒனக்கா, ஒங்க எருமைக்கா? அரிசி மில்லுல வேலை பாக்குறான், அரிசியோட மட்டும் பேச்சு வார்த்தை கிடையாதாம்."

சிரித்தார்கள். மூன்றாம் மாதம் என் விரல் ஆறியது. நூற்று நாற்பத்தெட்டு என்று மெஷின் காட்டியது. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். எர்ரய்யா சிரிப்பை விட்டுவிட்டு என் கறியில் கை வைக்க ஆரம்பித்தான். இது எப்படி நடந்தது என்று பார்க்க நர்சம்மா வீட்டுக்கே வந்தாள். சுரைக்காய்க் கறியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஊர்ப் பெண்களுக்கு நீயே சொல்லித் தா என்று அப்பாயம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கன்வாடிக் கூடம் நிறைந்திருந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். என் பெண்டாட்டி நாலு பேர் முன்னால் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேசினாள். காய் வெந்து குழையக் கூடாது, பல்லுக்கு வேலை இருந்தால்தான் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும் என்றாள். எண்ணெய்க்குப் பயப்பட வேண்டாம், சர்க்கரைக்கும் மாவுக்கும் பயப்படுங்கள் என்றாள். சோறில்லாவிட்டால் என் புருஷன் என்னையே தின்றுவிடுவான் என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"பசியோட இருக்கிறவன்தான் சோத்தைத் தேடுவான் அண்ணி" என்றாள் அப்பாயம்மா. "மொதல்ல முட்டையையும் கறியையும் போட்டு வயித்தை ரொப்பு. அப்புறம் சோத்துப் பானையைக் காட்டு. அவனே மூஞ்சியைத் திருப்பிக்குவான்."

கூடம் சிரித்தது. எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

பேச்சு முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் விரலில் குத்திப் பார்ப்பதாக ஏற்பாடு. முன்னால் இருந்தவள் அவள்தானே, அவளிடமிருந்தே தொடங்கினார்கள். நர்சம்மா மெஷினைப் பார்த்தாள். தட்டினாள். குச்சியை மாற்றி, அடுத்த கையை நன்றாகக் கழுவிவரச் சொல்லி மறுபடி குத்தினாள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். முதல் தடவை நானூற்று எண்பத்தாறு. இரண்டாவது தடவை நானூற்றுத் தொண்ணூற்றொன்று.

ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.  மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்றேன். நர்சம்மா அதே மெஷினில் தன் விரலைக் குத்திக் காட்டினாள். நூற்றுநான்கு.

காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். பழையது என்றாள் அப்பாயம்மா. எவ்வளவு என்றதற்கு இரண்டு கையையும் விரித்துக் குண்டானின் அகலத்தைக் காட்டினாள். மத்தியானம்? சோறு. ராத்திரி? மிஞ்சின சோறு. முட்டை? இல்லை என்று தலையாட்டினாள். நாளுக்கு மூன்று முட்டை. இரண்டு எனக்கு, ஒன்று மகளுக்கு. முந்நூற்றுத் தொண்ணூற்றொரு முட்டையில் ஒன்றுகூட அவள் வாயில் போகவில்லை என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

"உலையில எத்தனை அளவை அரிசி போடுற?" என்றாள் நர்சம்மா.

"நாலு."

"அவரு சோத்தை விடுறதுக்கு முன்னாடி?"

"நாலு."

இரண்டு எனக்கு, ஒன்று மகளுக்கு, ஒன்று அவளுக்கு. எட்டு மாதமாக என் இரண்டு எங்கே போயிற்று? நான் விட்ட சோற்றையெல்லாம் அவள் சாப்பிட்டிருக்கிறாள். சாப்பாட்டில் கடைசி ஆள் அவள். நான் ஐந்து மணிக்கே மில்லுக்குப் போகிறவன். குண்டான் கழுவிக் கவிழ்த்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். அவள் தட்டை நான் பார்த்ததே இல்லை.

ஏன் நாலு போட்டாய் என்று கேட்டேன். 

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்: "வீட்ல ஒருத்தர் போனப்புறம்தான் மாமா அளவையைக் கொறைப்பாங்க. எங்கப்பா போன பதினோராம் நாள் எங்கம்மா கொறைச்சா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். நீ உசுரோட இருக்கிறப்ப ஒன் அளவையை நான் எப்படி நிறுத்துவேன்? ஆக்கின சோத்தைக் கொட்டவா முடியும்?"

பெண்கள் யாரும் இதென்ன பைத்தியம் என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். 

மூட்டையைத் தோளில் வைத்தால் ஒரு கிலோ குறைந்தாலும் சொல்லிவிடுவேன் நான். வீட்டு அரிசி மூட்டை எட்டு மாதமாக அதே மாசக் கடைசியில் அதே நாளில் காலியாகிக்கொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. ஊசியில் நூல் கோர்க்க அவள் மகளைக் கூப்பிட்டதையும், குழாயடியில் இரண்டு தடவை இடறி விழுந்ததையும் பார்த்திருந்தேன். வயசாகிறது என்று கேலி பேசினேன்.

அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனோம். இது எட்டு மாதத்தில் வந்தது இல்லை, உள்ளே முன்பே இருந்திருக்கும், சோறு போட்டு வளர்த்திருக்கிறீர்கள் என்றார் அவர். கண்ணுக்குள் லேசாகக் கசிவு தொடங்கியிருந்தது. காலையும் ராத்திரியும் இன்சுலின் ஊசி. சோற்றை நிறுத்தி ஒரு வாரத்தில் இறங்காவிட்டால் காக்கிநாடாவில் சேர்க்க வேண்டும், கண் போனால் திரும்பி வராது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆய்" என்றேன். எங்கள் பக்கம் எதற்கும் மரியாதையாக அதைத்தான் சொல்வோம். 

எல்லாவற்றுக்கும் அப்பாயம்மா சம்மதித்தாள், ஒன்றைத் தவிர. ஊசி குத்துங்கள், மாத்திரை கொடுங்கள், அளவையை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள் என்றாள். குறைத்தால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம். தன் கண் போவதைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது. மறுநாளும் நாலு அளவைதான் உலையில் விழுந்தது. நான் சத்தம் போட்டேன். ஸ்ரவந்தி அழுதாள். அதற்கடுத்த நாளும் நாலு. அந்தச் சோற்றை எருமைக்குப் போட்டேன். அவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்ததில் சாயங்காலம் வேர்த்து மயங்கிவிட்டாள். நர்சம்மா ஓடி வந்து வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினாள். சோறு போட்டாலும் சாவு, போடாவிட்டாலும் சாவு என்று நான் திகைத்துப்போனேன்.

மூன்றாம் நாள் மில்லுக்குப் போகவில்லை. விடியும்போது அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அவள் பித்தளை அளவையை எடுத்தாள்.

"கொறைக்க வேணாம். நாலும் அள" என்றேன்.

சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே முறத்தில் நாலும் அளந்து நாலு குவியலாகக் கொட்டினாள். நான் ஒரு குவியலை மட்டும் குண்டானில் தள்ளினேன். மிச்ச மூன்றையும் ஒரு காலி மூட்டைக்குள் போட்டேன்.

"என் பேர்ல அளந்தாச்சு இல்ல? அளந்தது அடுப்புல ஏறணும்னு ஒங்கம்மா சொன்னாளா?"

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். அடுப்பில் விறகு பாதி எரிந்துவிட்டது.

"அப்படிச் சொல்லல" என்றாள்.

அன்றைக்கு மூன்று தட்டு ஒன்றாக வைத்தோம். குண்டான் சோறு மகளுக்கு. அதில் ஒரு கரண்டி அப்பாயம்மாவுக்கு, நர்சம்மா அனுமதித்தபடி. அவள் தட்டில் இரண்டு முட்டை. அவள் தின்று முடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை. அது முதல் முட்டை ரொக்கத்துக்குத்தான். பீடியை விட்டு அந்தக் காசை முட்டைக்குப் போட்டேன். பழைய கடன் அப்படியே நின்றது.

ஒரு வாரத்தில் இருநூற்று எண்பது. காக்கிநாடா போக வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் அவள் நாலு அளப்பாள், மூன்று மூட்டைக்குள் போகும். நாற்பது நாளில் ஒரு மூட்டை நிறைந்தது. வாயைத் தைத்தேன். அடுத்த நாற்பது நாளில் இன்னொன்று. தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது அவள் விரலில் குத்தினார்கள், நூற்று அறுபத்து மூன்று. ஊசி ஒரு வேளையாகக் குறைந்தது. கண்ணில் கசிவு நின்ற இடத்திலேயே நிற்கிறது, போன பார்வை கொஞ்சம் போனதுதான் என்றார்கள். நூல் கோர்க்க இன்னும் மகளைத்தான் கூப்பிடுகிறாள்.

அன்று சாயங்காலம் இரண்டு மூட்டையையும் ஒன்றன் பின் ஒன்றாகத் தோளில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன், அப்பாயம்மாவும் கூட வந்தாள். மஸ்தான் கைநிறைய அரிசி அள்ளிப் பார்த்தான்.

"மில்லு அரிசியா? பண்டிகைக்கு நானே வாங்கணும்னுதான் இருந்தேன். கிலோ நாப்பத்தஞ்சு போட்டுக்கவா அண்ணா?"

தராசில் ஐம்பத்திரண்டு கிலோ நின்றது. அவன் நோட்டில் பெருக்கினான். நான் மனதில் பெருக்கிவிட்டேன். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. ஆறு ரூபாய் நிற்கிறது என்றேன். அப்பாயம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

"வச்சுக்குங்க அக்கா" என்றான் மஸ்தான். "ஒரு முட்டை கடையிலேயே ஒடைஞ்சு போச்சுன்னு எழுதிக்கிறேன்."

பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தான்.